பாலைவனக் கரையில் பாறை அலை: ரெட் பிளஃப், நாரலூ சர்ஃபிங் முழுமையான வழிகாட்டி

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போனால் கார்னார்வன். கடைசி சூப்பர் மார்க்கெட்டும் கடைசி ஆஸ்பத்திரியும் அங்கேதான். அதற்கு மேல் வடக்கே செம்மண், முள்புதர், ஆட்டு மந்தை, காற்று. அந்த வெறுமையின் விளிம்பில், இந்தியப் பெருங்கடல் நேராக வந்து மோதும் சுண்ணாம்புப் பாறைகளில் இரண்டு இடங்கள் சர்ஃபர்களிடையே பெயர் பெற்றவை: குவோபா பண்ணையில் உள்ள ரெட் பிளஃப், இன்னும் வடக்கே நாரலூ பண்ணையில் உள்ள டூம்ஸ்டோன்ஸ். இரண்டுமே இடப்பக்கம் உடைந்து ஓடும் அலைகள். இரண்டுமே நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கானவை.

மணல் கடற்கரையில் இரண்டு மூன்று வருடம் பழகி, வரும் அலைக்கு அடியில் பலகையோடு மூழ்கிக் கடக்கும் டக் டைவ் தடுமாறாமல் வந்து, தலை உயர அலையில் பதறாமல் எழுந்து நிற்கத் தெரிந்தவருக்காக இதை எழுதுகிறேன். அந்த அளவு இன்னும் வரவில்லை என்றால் இந்தக் கரை எங்கேயும் போய்விடாது. அடுத்த வருடம் வரலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருவது எல்லாம் அதைச் சுற்றியே இருக்கும். இந்த மாதிரி இடத்தில் தண்ணீரில் இறங்கும் வழியைத் தேடுவதற்கு முன், கரையேறும் வழியை முடிவு செய்ய வேண்டும். நான் முதல் தடவை அதைச் செய்யவில்லை. முன்னால் போன ஒருவர் குதித்த இடத்தில் நானும் குதித்தேன். இரண்டு மணி நேரம் நல்ல அலைகள். திரும்பிப் பார்த்தபோது கடல் வற்றி, உள்ளே வர நினைத்த இடத்தில் பாறை பழுப்பாகப் பல் காட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் தட்டுத்தடுமாறி நடந்து வந்ததில் குதிகாலில் ஒரு வெட்டு. நகத்தின் அளவுதான். மூன்றாம் நாள் கால் வீங்கி, அந்தப் பயணம் கார்னார்வன் ஆஸ்பத்திரியில் முடிந்தது.

அலை எங்கிருந்து வருகிறது

இந்தக் கரையின் அலைகள் இங்கே பிறப்பதில்லை. தெற்கே 40, 50 பாகை அட்சரேகைகளில் சுற்றிக்கொண்டிருக்கும் குளிர்காலப் புயல்கள் கிளப்பிவிடும் நீண்ட அலைத் தொடர், அதாவது ஸ்வெல், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வருகிறது. அதனால்தான் சீசன் ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. கோடையில் தெற்குக் காற்று நாள் முழுக்க அறையும். அது காற்றுப் பலகைக்காரர்களுக்கும் கைட் ஓட்டுகிறவர்களுக்கும் கொண்டாட்டம், நமக்கு அவ்வளவாக உதவாது.

முன்னறிவிப்பைப் பார்க்கும்போது பெரும்பாலானவர்கள் உயரத்தை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் பீரியடைப் பாருங்கள்: ஒரு அலை முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை விநாடி. ஆழ்கடலில் அலையின் நீளம், பீரியடின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் வருவது. 8 விநாடி அலைக்கு ஏறத்தாழ 100 மீட்டர் நீளம். 16 விநாடி அலைக்கு 400 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வந்தால்தான் கடலடியை உணரத் தொடங்கும். அதாவது முதலாவது 50 மீட்டர் ஆழத்தில், இரண்டாவது 200 மீட்டர் ஆழத்திலேயே. நீண்ட பீரியட் அலை அதனால் வெகு முன்பாகவே வளைந்து, திரண்டு, பாறை விளிம்பில் தன் பாரத்தை மொத்தமாக இறக்குகிறது. முன்னறிவிப்பில் ‘2 மீட்டர், 9 விநாடி’ என்று இருக்கும் நாளும் ‘2 மீட்டர், 17 விநாடி’ என்று இருக்கும் நாளும் தாளில் ஒரே உயரம். தண்ணீரில் இரண்டும் வேறு கடல்.

இதிலேயே இன்னொரு கணக்கும் கிடைக்கும். 16 விநாடி ஸ்வெல் கூட்டமாக நகரும் வேகம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். 3,000 கிலோமீட்டர் தள்ளிப் புயல் இருந்தால், இரண்டே முக்கால் நாளில் அலை உங்கள் காலடியில். கார்னார்வனில் நின்று கடைசியாக ஒருமுறை முன்னறிவிப்பு வரைபடத்தைப் பார்த்து, அடுத்த நாலைந்து நாளுக்கு என்ன வரும் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்பிவிட்டால் போனில் சிக்னலை நம்ப முடியாது.

காற்றுக்கு ஒரே விதி: நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்க வேண்டும். கரை மேற்கே பார்க்கிறது. ஆகவே கிழக்கு, தென்கிழக்குக் காற்று நல்லது. குளிர்காலக் காலைகளில் அது அடிக்கடி கிடைக்கும். மாலையில் சூரியன் நேராகக் கண்ணில் விழும் என்பதும் நினைவிருக்கட்டும், பாறையின் நிழல் கூடத் தெரியாது. எனக்குக் காலைதான் பிடிக்கும்.

போகும் வழியும் மூட்டை முடிச்சும்

கார்னார்வனிலிருந்து புளோஹோல்ஸ் வரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தார் ரோடு. அது கடலைத் தொடும் இடத்தில் ‘கிங் வேவ்ஸ் கில்’ என்று பெரிய பலகை நிற்கிறது. ராட்சத அலைகள் உயிரைப் பறிக்கும் என்பதுதான் பொருள். பாறையில் நின்று மீன் பிடித்தவர்களை அலை இழுத்துப்போன கரை இது. நின்று அதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து வடக்கே மண் ரோடு. நாரலூ கார்னார்வனிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். ரெட் பிளஃப் அதற்குச் சற்று முன்னால். ரோடு முழுக்கத் தகரக் கூரை போல வரிவரியாக மேடு பள்ளம். டயர் காற்றை 25 முதல் 28 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால் வண்டியும் முதுகும் பிழைக்கும். ஸ்பேர் டயர் இரண்டு, காற்றடிக்கும் பம்ப், போகவர வேண்டியதற்கு மேல் ஒரு கேன் டீசல். இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம். கங்காருவும் ஆடும் குறுக்கே வரும். மழை பெய்தால் ரோட்டையே மூடிவிடுவார்கள், அதனால் இரண்டு மூன்று நாள் அதிகமாகத் தங்க நேரும் என்று நினைத்தே சாமான் வாங்குங்கள்.

இரண்டும் தனியார் நடத்தும் கால்நடைப் பண்ணைகள். முன்கூட்டியே பதிவு செய்து, அவர்கள் ஒதுக்கிய முகாமில்தான் தங்க வேண்டும். டூம்ஸ்டோன்ஸுக்குப் போகிறவர்கள் த்ரீ மைல் முகாமில் கூடாரம் போடுவார்கள். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் கணக்கு. காயம் கழுவ, பாத்திரம் கழுவ இன்னொரு 5. குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

செல்போன் உதவாது என்பதால் இரண்டு பொருள் அவசியம். ஒன்று, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் அவசரக் குறிகாட்டிக் கருவி. ஆஸ்திரேலியக் கடல் பாதுகாப்பு ஆணையத்தில் அதை உங்கள் பெயரில் இலவசமாகப் பதிவு செய்யலாம். இன்னொன்று, சாட்டிலைட் போன் அல்லது சாட்டிலைட் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி. பெரிய விபத்து என்றால் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் வரும். 1928 முதல் இந்த நாட்டின் உள்பகுதிகளுக்கு அவர்கள்தான் துணை. ஆனால் விமானம் வந்து இறங்கும்வரை ரத்தத்தை நிறுத்த வேண்டியவர் கரையில் நிற்கும் உங்கள் நண்பர்தான். அதற்காகவே கிளம்புவதற்கு முன் எல்லோரும் முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கரை எவ்வளவு தனிமையானது என்பதற்கு ஒரு வரலாற்றுச் செய்தி. 1941 நவம்பரில் சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலும் கோர்மோரான் என்ற ஜெர்மன் கப்பலும் இந்தக் கடலில் ஒன்றோடொன்று போரிட்டு இரண்டுமே மூழ்கின. சிட்னியிலிருந்து ஒருவரும் பிழைக்கவில்லை. தப்பிய ஜெர்மானியர்களின் படகுகளில் ஒன்று ஒதுங்கியது இதே ரெட் பிளஃபில். ஒவ்வொரு முறையும் அந்த விரிகுடாவைப் பார்க்கும்போது, தண்ணீர் தேடி அந்த மனிதர்கள் எந்தப் பக்கம் நடந்திருப்பார்கள் என்று யோசிப்பேன்.

பலகை, லீஷ், உடை

வழக்கமான பலகையைவிட மூன்று நான்கு அங்குலம் நீளமும் கொஞ்சம் கனமும் கூடியது வேண்டும். அலை வேகமாக வருகிறது. சீக்கிரம் கைகளால் துடுப்பிட்டு, சீக்கிரம் எழுந்தால்தான் உண்டு. இரண்டாவது பலகை இல்லாமல் போகாதீர்கள். உடைந்தால் வாங்க இடம் கிடையாது. பலகையின் அடியில் பொருத்தும் செதில் போன்ற ஃபின் ஒரு முழு செட், ஃபின் சாவி, உடைப்பை அடைக்க வெயிலில் இறுகும் ரெசின், மணல்தாள், கால் வழுக்காமல் பலகையில் தடவும் வேக்ஸ். பலகையை வண்டிக்குள் மூடி வைக்காதீர்கள். மதிய வெயிலில் உள்ளே கொதித்து, மேல் தோல் குமிழியாக எழும்பிவிடும். வெள்ளை உறையில் போட்டு வண்டிக்கு அடியில் நிழலில் வையுங்கள்.

பலகையைக் கணுக்காலோடு இணைக்கும் கயிறான லீஷை நிதானமாகப் பாருங்கள். விரல் நுனியால் முழு நீளத்தையும் தடவிக்கொண்டே வந்தால், பாறை கீறிய இடம் நகத்தில் தட்டும். ஒரு கீறல் இருந்தாலும் அது இன்றைக்கு வேண்டாம். கணுக்காலில் ஒட்டும் பட்டையில் மணல் புகுந்திருந்தால் பிடிப்பு பாதியாகிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள். பலகையில் முடிச்சுப் போடும் சிறு கயிறு, பலகையின் பின் விளிம்பில் படாமல் இருக்கிறதா பாருங்கள். பட்டால், நல்ல அலை இழுக்கும்போது அது கண்ணாடி இழையை வெண்ணெயில் நூல் போல வெட்டிவிடும்.

குளிர்காலத்தில் தண்ணீர் 20 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே இருக்கும். நீளக்கை கொண்ட மெல்லிய வெட்சூட் போதும் என்றாலும், நான் முழு 3/2 மில்லிமீட்டர் (உடம்பில் 3, கைகாலில் 2 தடிமன்) உடைதான் போடுகிறேன். குளிருக்காக இல்லை, பாறைக்காக. காலில் ரப்பர் பூட்டீஸ். தலைக் கவசம் போடுவதில் வெட்கம் வேண்டாம்.

ஒரு மணி நேரம் கரையில்

வந்து சேர்ந்ததும் அலையைப் பார்த்தவுடன் மனம் துடிக்கும். உட்காருங்கள். ஒரு மணி நேரம், கையில் கடிகாரத்துடன்.

முதலில் செட்டுகளை எண்ணுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அந்தக் கூட்டம்தான் செட். நீண்ட பீரியட் நாளில் இருபது நிமிடம் கூட கடல் தூங்குவது போல இருந்துவிட்டு, திடீரென்று ஐந்து அலை வரிசையாக வந்து அலை உடையும் கடலடிப் பாறைத்திட்டான ரீஃபை மொத்தமாகத் துடைத்துவிடும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘சின்னதாகத்தான் இருக்கிறது’ என்று இறங்கியவர்கள் எல்லோரும் அந்த ஐந்து அலைகளைச் சந்தித்திருக்கிறார்கள்.

அடுத்து, தண்ணீரின் தோலைப் பாருங்கள். அலை வரும் முன் ஓரிடத்தில் தண்ணீர் கொதிப்பது போல வட்டமாகச் சுழித்துப் பொங்கும். அங்கே கீழே ஒரு பாறைத் தலை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் மூன்று அலைக்கும் அது பொங்கினால் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அலையின் அடியில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு நிறம் மாறும் இடமும் அப்படித்தான். அலை பொதுவாகத் தன் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்தில் உடையும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் ஆழ்கடலிலிருந்து திடீரென்று எழும் ரீஃபில் அலை அதைவிட ஆழம் குறைந்த இடம் வரை ஓடிவந்து, அங்கே வீசி எறியும். நம் மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறைதான் அலைக்கு உருவம் கொடுக்கிறது. உங்களைக் கீறப்போவதும் அதுதான்.

மூன்றாவது, சேனல். அலை உள்ளே தள்ளும் தண்ணீர் ஏதோ ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்ப வேண்டும். அலை உடையாமல் கருநீலமாக, மேலே நுரைக்கோடு கடலை நோக்கி இழுபடும் பட்டை அந்த வழி. வெளியே போகும்போது அது இலவச வண்டி. உள்ளே வரும்போது அதே பட்டை உங்களைத் திரும்பத் திரும்பக் கடலுக்குத் தள்ளும், எவ்வளவு துடுப்பிட்டாலும். ஆகவே சேனலைக் கண்டவுடன் ‘உள்ளே வர இது ஆகாது’ என்றும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கரையேறும் இடம். யாராவது வெளியே வருகிறார்களா பார்த்து, எங்கே வருகிறார்கள், வந்து எத்தனை அடி நடக்கிறார்கள் என்று கவனியுங்கள். அப்புறம் போய்க் கேளுங்கள். முகாமில் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் இருப்பார்கள். அலையின் ரகசியத்தைச் சொல்ல மாட்டார்களே தவிர, கரையேறும் வழியைக் கேட்டால் யாரும் மறைத்ததில்லை. “தண்ணீர் வற்றினால் எந்த வழியாக வருவீர்கள்?” என்று தனியாகக் கேளுங்கள். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் பெரிய நாளிலும் இரண்டு மீட்டருக்குள்தான். அதைக் கேட்டு அலட்சியம் வேண்டாம். பாறை மேல் ஒன்றரை மீட்டர் தண்ணீர் இருக்கும் இடத்தில் அரை மீட்டர் இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. என் குதிகால் அந்த அரை மீட்டரில்தான் போனது. இப்போதெல்லாம் வற்றும் நேரத்தை விரல் நுனிக் கணக்காக வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு வெளியே வர வேண்டும் என்பதை இறங்கும் முன்பே நண்பரிடம் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, அடையாளம் குறிப்பது. கட்டுமரக்காரர்கள் மலையையும் கோபுரத்தையும் ஒன்றின் பின் ஒன்றாகப் பிடித்துக் கடலில் இடம் குறிப்பது போல, இங்கே குன்றின் முனை, மணல்மேட்டின் வெள்ளை வடு, தனிப் புதர் என்று இரண்டு ஜோடி பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று அலை பிடிக்கும் இடத்துக்கு, ஒன்று கரையேறும் இடத்துக்கு. நிறுத்தியிருக்கும் வண்டியை அடையாளமாக வைக்காதீர்கள், அது கிளம்பிப் போய்விடும்.

குதிப்பது

லீஷைக் கட்டி, தளர்வாக இரண்டு சுருளாகப் பின் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்; கையில் சுற்றிக் கட்டக் கூடாது. தரையில் இழுபட்டால் பாறை இடுக்கில் மாட்டும். கடலுக்கு முதுகு காட்டாமல், செட் முடியும்வரை விளிம்புக்குப் பின்னால் காலில் ஈரம் படாத இடத்தில் நில்லுங்கள். கடைசி அலையின் நுரை ஏறிவந்து பாறையை மூடும் அந்த இரண்டு விநாடியில், பலகையை முன்னால் போட்டு மார்பு தட்டையாக விழ வேண்டும். காலால் எம்பிப் பாய்ந்தால் மூக்கு குத்தி ஃபின் உடையும். விழுந்ததும் இருபது துடுப்பு, தலை நிமிராமல். பாதியில் மனம் மாறுவதுதான் ஆபத்து. தயக்கமாக இருந்தால் அடுத்த இடைவெளிக்குக் காத்திருங்கள்.

வரிசையில்

வெளியே போனதும் அலை முதலில் உடையும் உச்சிக்கு நேராகப் போகாதீர்கள். அலை இன்னும் உடையாத ஓரமான தோளில், ஆழமான தண்ணீரில் பத்து நிமிடம் உட்காருங்கள். அலை உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே முதல் உரிமை; அவர் எழுந்துவிட்டால் நீங்கள் விலக வேண்டும். இது எல்லாக் கடலுக்கும் பொதுவான வழக்கம். இங்கே ஒரு படி மேல், ஏனென்றால் நடுவில் நீங்கள் புகுந்தால் அவர் விலகிப் போகும் இடம் பாறை. ஒரே நேரத்தில் ஆறு பேராகச் சேர்ந்து இறங்குவதும் வேண்டாம்.

செட்டின் முதல் அலையை விட்டுவிடுங்கள். அதில் விழுந்தால் பின்னால் வரும் நான்கும் உங்கள் தலையில். எடுப்பது என்று முடிவானால் கடைசி இரண்டு துடுப்பை முழு பலத்தோடு போட்டு, கோணமாக இடப்பக்கம் திரும்பி எழுங்கள். வலது கால் முன்னால் வைப்பவர்களுக்கு அலை முகத்தைப் பார்த்தபடி போகும் வசதி. இடது கால் முன்னால் வைப்பவர்களுக்கு அலை முதுகுப் பக்கம், பின் கையால் பலகையின் வெளிப்பக்க விளிம்பைப் பற்றிக்கொண்டு தாழ்ந்து போகலாம். இடம் பிடிபடும்வரை முதல் பத்து அலையை நேர்க்கோட்டில் ஓட்டி, தோள் தாழும் இடத்தில் மேலே ஏறி வெளியேறிவிடுங்கள். இந்த அலைகள் உள்ளே போகப் போக ஆழம் குறையும்.

விழுவது

விழாமல் யாரும் கற்றதில்லை. விழுவதைத்தான் முதலில் பழக வேண்டும். தலைகீழாகப் பாயாதீர்கள், காலை நேராக ஊன்றாதீர்கள். முதுகோ பக்கவாட்டோ தட்டையாகப் பட, கையும் காலும் விரிந்து, தண்ணீரின் மேல்பரப்பிலேயே நின்றுவிடப் பாருங்கள். உள்ளே இழுத்தவுடன் முழங்கையை மடக்கி முகத்தையும் பின்தலையையும் மூடுங்கள். மேலே வரும்போது முதலில் ஒரு கை. பாறையோ பலகையோ இருந்தால் அதில் கை படட்டும்.

பெரிய செட் முன்னால் சிக்கினால் எதிர்த்து நின்று தீர்ந்துபோகாதீர்கள். ஆழம் குறைந்துவிட்டது என்று தெரிந்தால் பலகையில் குப்புறப் படுத்து, நுரையோடு உள்ளே போய், அமைதியான தண்ணீரில் மூச்சு வாங்கி, சேனலைச் சுற்றித் திரும்ப வரலாம். வழி நீளம்தான், தோலுக்கு நல்லது.

சுறாக்கள் இருக்கின்றன, டைகர் சுறாவும் உட்பட. விடியலின் மங்கலிலும் அந்தி மயங்கும்போதும், மீன் குத்துகிறவர்கள் பக்கத்தில் இருக்கும்போதும் நான் இறங்குவதில்லை. ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டை ஒன்றை கரையில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

கரையேறிய பிறகு

குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே, நன்றாக இருக்கும்போதே ஒரு அலையில் உள்ளே வாருங்கள். முழங்கால் ஆழத்திலும் எழுந்து நிற்காமல், கையால் தள்ளியபடி பலகையில் மிதந்தே வந்து, தண்ணீர் தீர்ந்த இடத்தில் எழுங்கள். ரெட் பிளஃபிலிருந்து வடக்கே நீள்வது நிங்காலூ கடல் பூங்கா. 2011 முதல் அந்தக் கரை உலகப் பாரம்பரியக் களம். பவளத்தின் மேல் வைக்கும் கால் அதற்கும் காயம், உங்களுக்கும் காயம்.

கீறல் எவ்வளவு சிறியதானாலும் அன்றே கவனியுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரை நிறைய ஊற்றி, மெல்லிய பிரஷால் தேய்த்து, உள்ளே இருக்கும் பவளத் துணுக்குகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். வலிக்கும். எடுக்காமல் விட்ட ஒரு துணுக்குதான் மூன்றாம் நாள் வீக்கமாகிறது. எலுமிச்சை பிழியும் பழைய பழக்கம் வேண்டாம். கிருமிநாசினி தடவி, உலர்ந்த கட்டு போட்டால் போதும். டெட்டனஸ் ஊசி வீட்டிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். கல் மீனை மிதித்து முள் ஏறினால், பொறுக்கும் அளவு சுடுதண்ணீரில் காலை வைத்து உடனே உதவி கேளுங்கள். நீல வளைய ஆக்டோபஸ் கடித்தால் வலியே தெரியாமல் மூச்சு நிற்கலாம். அழுத்திக் கட்டுப் போட்டு, ஆளை அசைக்காமல் வைத்து, மூச்சு நின்றால் செயற்கை சுவாசம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரவில் படுக்கும் முன் டார்ச் வெளிச்சத்தில் காயத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலையில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், அலை எவ்வளவு அழகாக இருந்தாலும், வண்டியைக் கார்னார்வன் பக்கம் திருப்புங்கள்.